சேற்றில் ஓடும் ஜீப்புக்கு எந்த ஜாயிண்ட்?

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. மழை பிடித்துவிட்டால் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதையும், மலைத் தோட்டங்களுக்குள் போகும் மண் தடங்களும் முழங்கால் சேறாகிவிடும். அதற்குள் சஸ்பென்ஷன் வேலையை முடித்துவிட நினைக்கும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்தான்: ரப்பர் புஷ்ஷா, பாலியூரித்தேன் புஷ்ஷா, இரும்புக் குண்டு வைத்த ரோஸ் ஜாயிண்ட்டா? கடையில் கேட்டால் மூன்றுமே ‘ஹெவி டியூட்டி’ என்கிறார்கள்.

அந்தச் சொல்லை நம்பி வாங்காதீர்கள். இத்தனை சுமை, இத்தனை கிலோமீட்டர் என்று எந்த அளவையும் அது சொல்வதில்லை. டப்பாவின் மேல் யாரும் அச்சடித்துக்கொள்ளலாம். ‘லைஃப்டைம் சீல்டு’ என்பது இன்னும் கவனிக்க வேண்டியது. ஆயுள் முழுக்க கிரீஸ் போட வேண்டாம் என்று அதற்கு விளக்கம் தருகிறார்கள். உண்மையில் அங்கே சொல்லப்படுவது அந்த ஜாயிண்ட்டின் ஆயுள். அதை மூடியிருக்கும் மெல்லிய ரப்பர் உறை கிழியும் வரைதான் அந்த ஆயுளும். தார்ச்சாலையில் உறை பல ஆண்டுகள் தாங்கலாம். கல்லும் குச்சியும் உரசும் காட்டுப் பாதையில் ஒரே பயணத்தில் கிழிந்துவிடலாம்.

சேறு ஜாயிண்ட்டைக் கெடுக்கும் விதம் எளிது. சேற்றுக்குள் இருக்கும் நுண்மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். உரசும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே அது நுழைந்தால் உப்புத்தாள்போல் தேய்க்கும். கூடவே போகும் தண்ணீர் கிரீஸைக் கழுவித் துருவைக் கொண்டுவரும். ஆகவே சேற்றுக்கு ஏற்ற ஜாயிண்ட் இரண்டு வகைதான்: சேறு நுழைய இடமே இல்லாதது, அல்லது நுழைந்த சேற்றை வெளியே தள்ள வழி உள்ளது.

முதல் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பலரும் மலிவென்று ஒதுக்கும் சாதாரண ரப்பர் புஷ். இரும்புக் குழாய்க்குள் இன்னொரு குழாய். இரண்டுக்கும் நடுவே ரப்பர். அந்த ரப்பர் இரண்டு குழாய்களோடும் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு ரப்பர் துண்டின் அடிமுகத்தை மேசையில் ஒட்டிவிட்டு மேல்முகத்தை விரலால் திருப்பிப் பாருங்கள். ரப்பர் முறுக்கிக்கொள்ளும், விட்டால் பழைய நிலைக்கு வரும், எங்கும் வழுக்காது. சக்கரம் ஏறி இறங்கும்போது புஷ்ஷுக்குள் நடப்பது இதுதான். உரசும் பரப்பு கிடையாது, இடைவெளி கிடையாது, கிரீஸ் தேவையில்லை. எவ்வளவு சேற்றில் மூழ்கினாலும் மணல் போய் உட்கார அங்கே இடமில்லை.

இவ்வளவு நல்ல பொருள் ஏன் சில மாதங்களில் கிழிகிறது? பல நேரங்களில் காரணம் மாட்டிய விதம். பட்டறையில் வண்டியைத் தூக்கியதும் சக்கரங்கள் கீழே தொங்குகின்றன. அந்த நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். போல்ட் உள்குழாயை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. பிறகு வண்டியை இறக்கினால், நின்ற நிலையிலேயே ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. அதன்பின் ஒவ்வொரு பள்ளமும் அந்த முறுக்கைக் கூட்டுகிறது. ஒருநாள் ஒட்டு விட்டுப்போகிறது. பழி புஷ்ஷின் மேல் விழுகிறது, உரிமையாளர் விலை கூடிய வேறொன்றை வாங்குகிறார். செய்ய வேண்டியது இதுதான்: போல்ட்டைத் தளர்வாக மாட்டி, வண்டியை நான்கு சக்கரத்திலும் தரையில் நிறுத்தி, முழு எடையும் இறங்கிய பிறகு சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். லிஃப்ட் கிட் போட்டு உயரத்தைக் கூட்டியவர்கள் எல்லா புஷ் போல்ட்டுகளையும் தளர்த்தி மறுபடி இதே முறையில் இறுக்க வேண்டும்.

இரண்டாம் வகை, கிரீஸ் நிப்பிள் உள்ள ஜாயிண்ட். பழைய ஜீப்புகளின் ஷாக்கிளில் இதைப் பார்த்திருப்பீர்கள். கிரீஸ் கன்னால் அழுத்தினால் சேறு கலந்த பழைய கிரீஸ் ஓரமாக வெளியே வரும். சுத்தமான கிரீஸ் வரும்வரை அழுத்த வேண்டும். உறை போட்ட பால் ஜாயிண்ட்டில் மட்டும் உறை லேசாக உப்பியதும் நிறுத்திவிடுங்கள்; மேலும் அழுத்தினால் உறை வெடிக்கும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பாலியூரித்தேன் புஷ்? பொதுவாக ஒட்டவைக்கப்படாமல் வழுக்கிச் சுழல்வது. அதனால் மணல் நுழையும். அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் பூச முடிந்தவர்களுக்கு மட்டும்.

ரோஸ் ஜாயிண்ட்? போட்டி வண்டிகளுக்குச் சரி. தினமும் ஓடும் வண்டியில் சேற்றில் சீக்கிரம் ‘ப்ளே’ வரும்.

ஜானி ஜாயிண்ட்? சக்கரங்கள் மிகவும் மேலும் கீழுமாக ஏறி இறங்கும் பாதையென்றால் நல்ல தேர்வு. கிரீஸ் போடலாம், பிரித்து உள்பாகத்தை மாற்றலாம்.

ஜிப்ஸி, ஜிம்னி? முன்சக்கரத்தில் பால் ஜாயிண்ட்டுக்குப் பதில் கிங்பின் பேரிங். நக்கிள் சீலைப் பாருங்கள்.

2020-க்குப் பின் வந்த தார்? முன்பக்க ஆர்ம்களின் பால் ஜாயிண்ட் உறைகளை ஒவ்வொரு சேற்றுப் பயணத்துக்குப் பிறகும் பாருங்கள்.

நிப்பிள் உள்ள ஜாயிண்ட்டுக்கு எந்த கிரீஸ்? தண்ணீரில் கரையாத கால்சியம் சல்ஃபோனேட் வகை. வேறு வகையோடு கலக்காதீர்கள்.

வாட்டர் சர்வீஸ்? சேற்றைக் கழுவுங்கள், ஆனால் உறையின் விளிம்புக்கு நேராகப் பீய்ச்சாதீர்கள்.

பால் ஜாயிண்ட்டில் ஆட்டம் தெரிந்தால்? அன்றே மாற்றுங்கள், குண்டு கழன்றால் சக்கரம் மடிந்துவிடும், மலைப்பாதையில் அதற்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை.

புஷ் மாற்றப் போகும் நாளில் பட்டறையை விட்டு நகராதீர்கள். “வண்டியைத் தரையில் இறக்கிட்டு டைட் பண்ணுங்க அண்ணே” என்று சொல்லுங்கள். மழைக்காலம் முடியும்வரை அந்த புஷ் தாங்குமா என்பது பெரும்பாலும் அந்த ஐந்து நிமிட வேலையில்தான் இருக்கிறது.