முதுமையும் துடுப்பும்

தந்தையார் பணியினின்று ஓய்வு பெற்றதும், "இனி நிம்மதியாக இருங்கள்" என்று சாய்வு நாற்காலியைக் காட்டிவிடுவது நம் இல்லங்களின் வழக்கம். அன்பினால் செய்வதே, ஆயினும் அவ்வன்பு அவருக்கு நன்மை பயக்கிறதா? உழைப்பற்ற தசை மெலியும். தசை மெலிந்தால் மாடிப்படி ஏறுதல் அரிதாகும். தடுக்கி விழுதல் எளிதாகும்.

அயர்லாந்து நாட்டைச் சேர்ந்தவர் ரிச்சர்டு மார்கன். ரொட்டி சுடும் தொழிலும் பாட்டரித் தொழிலும் செய்தவர். 73 வயது வரை முறையான உடற்பயிற்சி அறியாதவர். பேரனின் துடுப்புப் பயிற்சியைக் காணச் சென்றவர், அங்கிருந்த யந்திரத்தில் தாமும் அமர்ந்தார். பின்னர்த் தம் வயதினருக்கான பிரிவில் நான்கு முறை உலகப் பட்டம் வென்றார். அவருடைய 92-ஆம் வயதில் விஞ்ஞானிகள் நடத்திய சோதனையின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. உடல் எடையில் ஏறக்குறைய 80 விழுக்காடு தசை; கொழுப்போ 15 விழுக்காடே!

துடுப்பு வலித்தல் நமக்குப் புதிதன்று. சென்னை அடையாற்றங்கரையில் 1867-இலேயே படகுக் கழகம் தோன்றியது. ஆனால் இந்த யந்திரத்திற்கு ஆறு வேண்டுவதில்லை. தண்டவாளம் போன்ற சட்டத்தின்மீது இருக்கை முன்னும் பின்னும் நகரும். பிடியை இழுத்தால் விசிறிச் சக்கரம் சுழலும். வேகமாக இழுத்தால் காற்றின் தடை மிகும். மெல்ல இழுத்தால் குறையும். ஆகவே இளைஞருக்கும் முதியவருக்கும் ஒரே யந்திரம் பொருந்தும்.

மார்கனின் பயிற்சி வாரத்திற்குச் சுமார் 30 கிலோமீட்டர்; நாளொன்றுக்கு 40 நிமிடம். அதில் நூற்றுக்கு 70 பங்கு எளிய வேகம், 20 பங்கு கடினம், 10 பங்கு மட்டுமே முழு வலிமை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்குவதும் உண்டு. 21 கிலோமீட்டர், 42 கிலோமீட்டர் என்று நெடுந்தொலைவை நாடுவோர்க்கும் எளிய வேகமே அடித்தளம். பேசிக்கொண்டே வலிக்க இயலவேண்டும். முதலில் கால்கள் உந்த, பின்பு உடல் சாய, இறுதியில் கைகள் இழுக்கவேண்டும். முறை மாறினால் இடுப்பு நோகும்.

எட்டடி நீள யந்திரத்தைத் தாராவியின் பத்தடி அறையில் வைத்தால் குடியிருப்போர்க்கு இடமிராது. எனினும் நாள் தவறாமை, சிறிது சிறிதாகக் கூட்டுதல் ஆகிய இரண்டிற்கும் இடம் தேவையில்லை. மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் விரைந்து நடக்கலாம். வீட்டு நாற்காலியினின்று கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமரலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

அவர் தொடங்கியது 73-இல். 60-இல் ஓய்வு பெறும் நம்மவர்க்கு இன்னும் காலம் இருக்கிறதன்றோ!