28 நாள் கணக்கு எல்லோருக்கும் பொருந்துமா?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டப் பகுதிகளில் பெண்களுக்கு மார்க்க வகுப்பு நடத்தும் எவரும் ஒரு விடயத்தை அறிவர். உண்மையான கேள்விகள் வகுப்பு முடிந்த பின்னரே வரும். அதுவும் நேரே வராது. மடித்த துண்டுக் காகிதமாக ஒரு சிறு பிள்ளையின் கையில் வரும். மகள் பெரிய பிள்ளையாகி எட்டு மாதம், இப்போது இரண்டு மாதமாக ஒன்றுமில்லை, பயப்பட வேண்டுமா என்று ஒரு தாய் கேட்டிருப்பார். வயது நாற்பத்தாறு, இருபது நாளாக நிற்கவில்லை, தொழலாமா என்று இன்னொருவர் கேட்டிருப்பார்.

இவ்விரு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். மாதவிடாய் என்றால் 28 நாளைக்கொரு முறை வர வேண்டும், பிந்தினாலும் முந்தினாலும் ஏதோ கோளாறு என்று நினைக்கிறோம். 28 என்பது பேச்சு வழக்கில் நிலைத்துவிட்ட ஓர் எண்ணேயன்றிச் சட்டமன்று. 2019ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான மாதவிடாய்ச் சுற்றுகளை எண்ணிப் பார்த்தார்கள். சரியாக 28 நாளில் அமைந்தவை நூற்றுக்குப் பதின்மூன்று மட்டுமே! வளர்ந்த பெண்ணுக்கு 21 முதல் 35 நாள் வரை எதுவும் இயல்பே. எண்ணும்போது இரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணாதீர்கள். தொடங்கிய நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் நாள் வரை எண்ண வேண்டும். நம்மவர்களில் பலர் பிழைவிடுவது இங்கேதான்.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அலன் ட்ரிலோர் என்பவர் 1934இல் ஒரு வேலையைத் தொடங்கினார். பெண்களிடம் அட்டைகளைக் கொடுத்து, மாதவிடாய் வரும் நாட்களை ஆண்டுக்கணக்கில் குறிக்கச் செய்தார். 1967இல் வெளியான முடிவு இதுதான்: பெண்ணின் வாழ்வில் சுற்று ஓரளவு நிலையாக இருப்பது இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில். பெரிய பிள்ளையான புதிதிலும், மாதவிடாய் நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகளிலும் அது ஏறுக்குமாறாகவே நடக்கும்.

பெண்களிடமே கேட்டறியும் இந்த முறை நமது இமாம்களுக்குப் புதிதல்ல. ஷாபிஈ இமாம் (ரஹ்) அவர்கள் ஹைழின் அளவுகளைப் பெண்களின் அனுபவத்தை விசாரித்தே வகுத்தார்கள். குறைந்தது ஒரு பகலும் ஓர் இரவும், கூடியது பதினைந்து நாட்கள், பெரும்பாலோருக்கு ஆறு அல்லது ஏழு. இரண்டு ஹைழுக்கிடையே சுத்தம் குறைந்தது பதினைந்து நாட்கள். எல்லாப் பெண்களுக்கும் ஒரே எண் என்று அவர்கள் சொல்லவில்லை. அவளவளின் வழக்கம் அவளவளுக்கு என்றார்கள். அரபுக் கல்லூரிகளில் பதினேழு வயதுப் பையன்கள் இந்தப் பாடத்தைத் தலைகுனிந்து மனனம் செய்கிறார்கள். யாருக்குத் தேவையோ அந்தப் பெண்களின் காதில் மட்டும் அது விழுவதில்லை!

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். புதிதாகப் பெரிய பிள்ளையானவளின் சூலகம் மாதந்தோறும் தவறாமல் முட்டையை வெளிவிடப் பழக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். அதுவரை 45 நாள் இடைவெளி சாதாரணம். எப்போதாவது ஒரு மாதம் தவறினாலும் பதறத் தேவையில்லை. ஆனால் 90 நாட்கள் கடந்தும் வராவிட்டால், அல்லது 15 வயதாகியும் பெரிய பிள்ளையாகாவிட்டால், வைத்தியரிடம் காட்டுங்கள். மந்திரித்த நூலைக் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

நடுவயதில் மாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கும். பாலூட்டும் காலத்தில் மாதவிடாய் பிந்தும். கடும் உழைப்பு, சத்தற்ற உணவு, மனக்கவலை, தைரொயிட் கோளாறு எல்லாம் சுற்றை மாற்றும். கருத்தடைக்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி போடுபவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஓராண்டில் மாதவிடாயே நின்றுவிடும். கெட்ட இரத்தம் உள்ளே தேங்குகிறது என்று லயத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கருப்பையின் உட்சுவர் தடிக்காததால் வெளியேற ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

நாற்பதைத் தாண்டியதும் கதை வேறு. முதலில் சுற்று குறுகும். 28இல் வந்தது 24இல் வரும். பிறகு இரண்டு மூன்று மாதம் தாண்டும், வந்தால் கொட்டும். பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து வராவிட்டால் நின்றுவிட்டது என்று கொள்ளலாம். பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் இது நிகழும்.

இருபது நாளாக நிற்கவில்லை என்ற சகோதரிக்குப் பதில் நபியவர்கள் (ஸல்) காலத்திலேயே கிடைத்துவிட்டது. பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) இதே முறைப்பாட்டுடன் வந்தபோது, அது ஒரு நரம்பிலிருந்து வருவது, ஹைழ் அல்ல என்று நபியவர்கள் விளக்கினார்கள். வழக்கமான நாட்கள் கழிந்ததும் கழுவித் தொழும்படி கூறினார்கள். ஆகவே இரத்தம் பதினைந்து நாளைக் கடந்துவிட்டால், வழக்கம் ஏழு நாள் என்றிருந்தவருக்கு ஏழு நாளே ஹைழ். மீதி இஸ்திஹாழா. விட்ட தொழுகையைக் கழாச் செய்ய வேண்டும். இனித் துணி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்தபின் வுழூச் செய்து தொழ வேண்டும். இரத்தத்தின் நிறத்தில் தெளிவான வேறுபாடு தெரிந்தால் விதி சற்று மாறும்; உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழுகைக்கு வழி சொல்லியாயிற்று. உடம்புக்கு? எட்டு நாளைக்கு மேல் நீடித்தாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை துணி மாற்ற நேர்ந்தாலும், பெரிய கட்டிகளாகப் போனாலும் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. விடியற்காலையில் இறப்பர் பால் வெட்டவும், கூடையுடன் மலையேறிக் கொழுந்து பறிக்கவும் போகிறவர்கள் மூச்சு வாங்குவதையும் தலை சுற்றுவதையும் வேலைக் களைப்பென்று தள்ளிவிடுகிறார்கள். பல வேளை அது இரத்தச்சோகை. இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயுடன் விழுங்குவதையும் கண்டிருக்கிறோம். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. உணவுக்கும் மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். எலுமிச்சம் சாறு குடிப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் காலம் தாழ்த்தாமல் வைத்தியரிடம் போக வேண்டும். ஷாபிஈ மத்ஹபில் ஹைழுக்கு மேல் வயதெல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் அது தொழுகைக்கும் நோன்புக்குமான சட்டம், உடம்புக்கு நோயில்லை என்ற சான்றிதழ் அல்ல. இப்படி வரும் இரத்தம் பெரும்பாலும் புற்றுநோயால் வருவதில்லை. ஆயினும் கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான். 1996 முதல் நம் நாட்டில் 35 வயதைக் கடந்த பெண்களுக்கென்று வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். எந்த நாளில் எங்கே என்று உங்கள் தோட்டத்துக்கு வரும் மருத்துவமாதுவிடம் கேளுங்கள். போகும்போது கடைசி ஆறு மாதத் திகதிகளைக் கலண்டரில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.