அழிக்கச் சொன்ன பேய்ப் படம்

பேய்ப் படங்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பவரா நீங்கள்? உங்கள் அலமாரியில் முதல் இடம் 'நோஸ்ஃபெராட்டு'வுக்குத்தான். 1922-இல் ஜெர்மனியில் முர்னாவ் இயக்கிய பேசாப் படம். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை அனுமதி வாங்காமலே படமாக்கினார்கள். டிராகுலா பிரபு ஆர்லாக் பிரபு ஆனார். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் விடவில்லை, வழக்குப் போட்டார். எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடும்படி 1925-இல் தீர்ப்பு வந்தது. அதற்குள் சில பிரதிகள் வெளிநாடு போய்விட்டதால் படம் பிழைத்தது. நம் அதிர்ஷ்டம்!

மாடிப்படிச் சுவரில் கூன் முதுகும் நீண்ட நகங்களுமாக ஆர்லாக்கின் நிழல் மட்டும் மெல்ல ஏறிவரும் பாருங்கள், இன்றைக்கும் முதுகு சில்லிடும். வெயில் பட்டால் ரத்தக் காட்டேரி அழிந்துபோகும் என்பதும் இந்தப் படம் கொடுத்ததுதான். நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவார்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்து, பிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றியிருந்தார்கள். சாயமில்லாத வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதியில் காட்டேரி பட்டப்பகலில் உலாவுவதுபோல் தெரியும். சாயத்தோடு சீரமைத்த பிரதியாகவே கேட்டு வாங்குங்கள்.