பாட்டு நோட்டு

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது டிரான்சிஸ்டரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு கரியாலூருக்குப் போய்விட்டது நண்பர்களே, என் சின்னம்மா மகனிடம்.

அவனுக்கு வயது ஏழு. பேச்சு அதிகம் கிடையாது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது போன வருஷம்தான். அதுவரை ஊரில் 'காத்து கருப்பு' என்றார்கள். செல்போனில் பாட்டு என்றால் அவனுக்கு உயிர். யாரோ "மியூசிக் தெரபி குடுங்க" என்று சொல்ல, சின்னம்மா என்னிடம், "நீதானே படிக்கிற, அது என்னான்னு பாத்துச் சொல்லுப்பா" என்றார். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தேடிப் படித்தேன்.

1943-ல் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதில் முதல் பையன் ஒரு வயதிலேயே பல மெட்டுகளைச் சரியாகப் பாடியிருக்கிறான். அதற்காகப் பாட்டு ஒன்றும் மாத்திரை இல்லை. 9 நாடுகளில் 364 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. 5 மாதம் இசை சிகிச்சை கொடுத்தும் ஆட்டிசக் குறிகளில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 2022-ல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பலன் இருக்கலாம் என்றார்கள்.

எனக்குப் பிடித்தது வேறு. தாலி காட்ஃப்ரிட், கிரேஸ் தாம்சன் முதலானோர் 2018-ல் எழுதிய ஒரு கேள்வித்தாள். பெயர் 'அன்றாட வாழ்வில் இசை'. பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டும். பிள்ளை நன்றாகப் பாடுகிறானா என்பதல்ல விஷயம். வீட்டில் யாரோடு, எந்த வேலையில், எத்தனை தடவை பாட்டு புழங்குகிறது என்பதே. லேபில் ரீடிங் எடுக்காமல் சர்க்யூட்டைத் தொட விடமாட்டார்களே, அது மாதிரி. (அவன் ஒன்றும் ரிப்பேருக்கு வந்த செட் இல்லை, அது வேறு.)

லீவுக்குப் போனபோது ஒரு வாரம் நோட்டில் குறித்தேன். செல்போனில் ஒரே பாட்டின் ஆரம்ப இசையை 14 தடவை கேட்கிறான். குரல் வந்ததும் நிறுத்திவிடுகிறான். அப்போது பக்கத்தில் யார் போனாலும் திரும்புவதில்லை. பம்பைச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறான். ஆனால் சின்னம்மா மரவள்ளிக்கிழங்கு உரிக்கும்போது ஏதோ முணுமுணுப்பார். அவர் நிறுத்தினால் வந்து முகவாயைப் பிடித்துத் திருப்பி, வாயைப் பார்க்கிறான். மூன்று நாளில் ஆறு தடவை.

"அதெல்லாம் பாட்டாப்பா? சும்மா வாயில வர்றது" என்று சின்னம்மா சிரித்தார். அவர் கணக்கில் செல்போன் மட்டும்தான் பாட்டு.

அடுத்த மாதம் முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனத்துக்கு அவனைக் கூட்டிப் போகிறோம். நோட்டும் வருகிறது. செல்போன் கணக்கை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன்.