நோயுற்ற விமானியும் வேலை பறிபோகும் அச்சமும்

நோய் வந்தால் ஓய்வெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சிறு குழந்தையும் அறிந்த விஷயம். ஆயினும், நூற்றுக்கணக்கான உயிர்களைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டு முப்பதாயிரம் அடிக்கு மேல் பறக்கின்ற ஆகாய விமானிகளில் பலர், ஜலதோஷமும் தலைவலியும் நித்திரையின்மையும் தம்மை வாட்டும்போதுகூட, விடுப்புக் கேட்டால் வருகைப் பதிவேட்டில் கறை விழுமே, அந்தக் கறைகள் ஒன்றுசேர்ந்து ஒருநாள் உத்தியோகத்துக்கே உலை வைத்துவிடுமே என்ற பயத்தினால், சீருடையை மாட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். இந்தப் பயம் விமானியின் சரீரத்தையும் மனத்தையும் கெடுப்பதோடு நிற்பதில்லை; அவரை நம்பி ஏறிய பிரயாணிகளின் க்ஷேமத்தையும் தொடுகிறது. மெய்யான நோய்க்காலத்தில் விமானி அச்சமின்றி எடுத்துக்கொள்ளும் விடுப்பை ஒரு சலுகையாகக் கருதாமல், விமானப் பாதுகாப்பின் பிரிக்க முடியாத அங்கமாகவே கருத வேண்டும்.

தரையில் சிறு நோய், ஆகாயத்தில் பெரு நோய்

அலுவலகத்தில் அமர்ந்து எழுதுகிறவருக்கு வெறும் தொந்தரவாக இருக்கும் ஜலதோஷம் விமானிக்கு அபாயமாக மாறுவதற்குக் காரணம் உண்டு. பறக்கும் விமானத்தின் உட்புறத்தில் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலையின்மேல் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. விமானம் இறங்கும்போது அழுத்தம் கூடுகிறது. அவ்வேளையில் நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் நுண்குழாய் சளியினால் அடைபட்டிருந்தால், செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்பட்டுக் கடும் வலியும், சில சமயம் தலைச்சுற்றலும், அரிதாகச் செவிப்பறைக் கிழிசலும் நேரிடும். விமானத்தை ஓடுபாதையில் இறக்குவதற்கு முழுக் கவனமும் வேண்டிய அந்தக் கணத்திலேயே இவ்வளவும் நிகழக்கூடும். இந்த அடைப்பை நீக்குவதற்காக உட்கொள்ளும் மாத்திரைகளில் சில மயக்கத்தையும் சோர்வையும் உண்டாக்குவதால், மருந்தே இரண்டாவது அபாயமாகிவிடுகிறது.

நித்திரைக் குறைவின் தீமையோ இன்னும் மறைவானது. தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவருடைய செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவருடைய செயல்திறனுக்கு நிகராகக் குறைந்துவிடுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்து கூறியிருக்கிறார்கள். பின்னிரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரை உடலின் இயற்கைக் கடிகாரமே உறக்கத்தை நோக்கி இழுக்கிறது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்து சேர்ந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் மாண்டபோது, தலைமை விமானி வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உறங்கியிருந்தார் என்பதும், விழித்தெழுந்த பின்னும் நீடிக்கும் தூக்கக் கலக்கம் அவருடைய தீர்மானங்களைப் பாதித்திருக்கக்கூடும் என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன.

பஃபலோ விபத்து கற்பித்த பாடம்

2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் நூவர்க் நகரிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் ஏர் விமானம் வீடொன்றின்மேல் விழுந்து, விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் உயிரிழந்தார்கள். குறைந்த சம்பளம் பெற்றுவந்த இளம் துணை விமானி, சியாட்டில் பக்கமிருந்து இரவு முழுவதும் நாட்டைக் குறுக்காகக் கடந்து பணிக்கு வந்தவர். தமக்கு ஜலதோஷம் கண்டிருப்பதையும், வீட்டில் இருந்திருந்தால் விடுப்புச் சொல்லியிருக்கலாம் என்பதையும், இவ்வளவு தூரம் வந்தபின் விடுப்பெடுத்தால் ஹோட்டல் செலவைத் தாமே சுமக்க வேண்டும் என்பதையும் அவர் பேசியது விமானத்தின் குரல் பதிவில் இருந்தது. விபத்தின் மூலகாரணம் வேகம் குறைந்தபோது தலைமை விமானி தவறாகச் செயல்பட்டதே என்றும், துணை விமானியின் நோய் நேரடியாகக் காரணமாயிருக்கவில்லை என்றும், ஆனால் இருவரையும் களைப்பு பாதித்திருக்கக்கூடும் என்றும் விசாரணைக் குழு முடிவு கூறியது. நோயுற்ற ஒருவர், தாம் பறக்கத் தகுந்த நிலையில் இருக்கிறோமா என்று யோசிக்க வேண்டிய வேளையில், பணத்தைப் பற்றி யோசிக்கும்படி நேர்ந்ததே நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

அந்த விபத்தின் விளைவாக, 2014 ஜனவரி முதல் அமெரிக்காவில் பிரயாணிகள் விமானங்களை ஓட்டுகிறவர்களுக்குப் பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வும், அதில் எட்டு மணி நேரம் இடையூறின்றி உறங்கும் வாய்ப்பும் கட்டாயமாக்கப்பட்டன. களைத்த விமானி பணியை ஏற்கலாகாது, நிறுவனமும் அவருக்குப் பணி தரலாகாது என்பதும் சட்டமாயிற்று.

அச்சம் பிறக்கும் இடங்கள்

சட்டம் இவ்வாறு இருந்தும் அச்சம் நீங்காததற்குக் காரணங்கள் பல. வராத நாட்களைக் கணக்கிட்டு, ஓர் எல்லையைத் தாண்டியவரை அழைத்து விளக்கம் கேட்டு, எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கும் முறை பல நிறுவனங்களில் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் பரீட்சார்த்த காலத்தில் இருக்கும்போது, அவரை வேலையிலிருந்து நீக்குவது எளிது. விமானிகள் சங்கத்தின் பாதுகாப்பும் அப்போது மிகக் குறைவு. பயிற்சிக்காக வாங்கிய கடன் தலைக்குமேல் நிற்கிறது. இவற்றோடு, மற்ற உத்தியோகஸ்தர்களுக்கு இல்லாத இன்னொரு பயமும் விமானிக்கு உண்டு; அது மருத்துவத் தகுதிச் சான்றிதழை இழந்துவிடும் பயம். அமெரிக்காவில் நாற்பது வயதுக்குட்பட்ட தலைமை விமானி ஆண்டுக்கு ஒரு முறையும், நாற்பதை எட்டியவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் அச்சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனீர் என்ற கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். ஆகையினால்தான், 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சான்றிதழ் போய்விடுமோ என்ற அச்சத்தால் சிகிச்சையைத் தவிர்க்கும் நடத்தை தம்மிடம் இருந்ததாக விமானிகளில் 56 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டார்கள்.

மறைத்து வைத்த மனநோய்

உடல்நோயைவிட மனநோயே அதிகமாக மறைக்கப்படுகிறது. 2016இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் பெயர் குறிப்பிடாமல் நடத்திய ஆய்வில், பதிலளித்த விமானிகளில் 12.6 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் லட்சணங்கள் காணப்பட்டன. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தைப் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மோதி, தம்மோடு சேர்த்து 150 பேரை மாளச் செய்த துணை விமானியின் வீட்டில், அன்றைய தினத்துக்கும் செல்லுபடியாகும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கிழிக்கப்பட்டுக் கிடந்தது. பறக்கும் உரிமையையும் வருமானத்தையும் இழந்துவிடுவோம் என்ற அச்சம் நோயை மறைக்கத் தூண்டுகிறது என்பதைப் பிரெஞ்சு விசாரணை அறிக்கை தெளிவாக எடுத்துரைத்தது. மனச்சோர்வுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறருக்கு ஒரு தீங்கும் இழைக்காதவர்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். அவர்களுக்கு வேண்டுவது சிகிச்சையே. 2010இலிருந்து அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் மனச்சோர்வுக்கான சில மருந்துகளை உட்கொள்வோர் உரிய பரிசோதனைக்குப் பின் பறக்க இடமளிக்கிறது. ஐரோப்பாவிலும் சக விமானிகளே செவிகொடுத்து உதவும் ஆதரவுத் திட்டம் 2021 முதல் கட்டாயமாகியிருக்கிறது.

வருகைக் குறைவே ஓர் அறிகுறி

ஒருவர் அடிக்கடி தாமதமாக வருவதும், கடைசி நேரத்தில் விடுப்புச் சொல்வதும் ஒழுங்கீனம் என்று உடனே முடிவு கட்டிவிடுவது தவறு. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய், தீராத முதுகுவலி, மனச்சோர்வு, மதுப்பழக்கம் ஆகிய ஒவ்வொன்றும் முதலில் வருகைப் பதிவேட்டில் தலைகாட்டக்கூடும். உதவி கிடைத்தால் மீளவும் முடியும்: மதுவுக்கு அடிமையான விமானிகளுக்காக 1970களில் அமெரிக்காவில் தோன்றிய மறுவாழ்வுத் திட்டத்தின் மூலம் ஆயிரக்கணக்கானோர் நலம்பெற்று மீண்டும் பணிக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

விமானிகள் கைக்கொள்ள வேண்டியவை

ஒவ்வொரு பயணத்துக்கும் முன், நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு, உணர்ச்சிக் கொந்தளிப்பு ஆகிய ஆறில் ஏதேனும் தம்மைப் பாதித்திருக்கிறதா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்துக் கடையில் தாமாக வாங்கும் மாத்திரையையும் விமான மருத்துவரிடம் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

நிறுவனத்தின் விடுப்பு விதிகளை ஆரோக்கியமாக இருக்கும்போதே வாசித்து, மருத்துவச் சான்றுகளின் பிரதிகளையும் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்களையும் தேதிவாரியாகப் பத்திரப்படுத்த வேண்டும். அமெரிக்க விமானிகளில் தகுதியுடையவர்களுக்குக் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டப்படி, பன்னிரண்டு மாதங்களில் 72 நாட்கள் வரை, ஊதியமின்றியாயினும் வேலை போகாமல் விடுப்பெடுக்க உரிமை உண்டு. அந்த நாட்களை வருகைக் குற்றமாகக் கணக்கிடக் கூடாது.

விளக்கம் கேட்டு அழைப்பு வந்தால் தனியே செல்லாமல், சங்கப் பிரதிநிதியின் துணையோடு செல்வது உத்தமம்.

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கம் கெட்டு, எதிலும் பற்றின்றி, காரணமற்ற சோகம் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும்; உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ ஒரு நாளும் காத்திராமல் உதவி கோர வேண்டும்.

நிர்வாகத்தின் கர்த்தவ்யம்

பொய்க் காரணம் சொல்லி விடுப்பெடுப்போரைக் கண்டிக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பொய்யரைப் பிடிப்பதற்காக விரிக்கும் வலையில் நோயாளி சிக்கும்படியான விதி, சிக்கனத்தைப் போலத் தோன்றினாலும், முடிவில் உயிர்ச்சேதத்துக்கு வழி திறக்கும். நோய்க்கால விடுப்பைத் தண்டனைக் கணக்கிலிருந்து பிரித்து, களைப்பை அறிவிப்பவரைப் பாதுகாத்து, சான்றிதழை இழந்தவருக்குக் காப்பீட்டின் மூலம் ஜீவனோபாயம் அளிக்கின்ற நிறுவனமே பிரயாணிகளின் நம்பிக்கைக்குப் பாத்திரமானது. பிரயாணிகளாகிய நாமும், விமானி உடல்நலமின்றி விலகியதனால் பயணம் தாமதமாகிறது என்ற அறிவிப்பைக் கேட்கும்போது, நம் உயிரைக் காக்க ஒருவர் தம் கடமையைச் செய்தார் என்று எண்ணிப் பொறுமை காட்டுவோமாக.