பழைய கட்டிடம் நகரின் சின்னமானால் சொந்தக்காரருக்கு என்ன மிச்சம்?

"காணி என்னுடையது, கட்டிடமும் என்னுடையது. இடிக்க வேண்டாம் என்று சொல்ல மாநகர சபை யார்?" நகரின் மத்தியில் பழைய கட்டிடம் வைத்திருப்பவர் எந்த நாட்டிலும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும் கூட.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில், லாசால் வீதியில் 1894இல் எழுந்தது 13 மாடிப் பங்குச் சந்தைக் கட்டிடம். அட்லர், சலிவன் என்ற புகழ்பெற்ற கலைஞர்கள் அமைத்தது. பிற்காலத்தில் அது சாதாரண அலுவலகக் கட்டிடமாகிவிட்டது. காணி விலையோ ஏறிக் கொண்டே போனது. அதைச் சின்னமாகப் பிரகடனம் செய்யுமாறு நகரின் ஆணைக்குழு சிபாரிசு செய்தும் மாநகர சபை மறுத்தது. செலவு யார் தலையில் விழும் என்ற பயம்தான். 1972இல் கட்டிடம் இடிக்கப்பட்டது. அதன் சிற்ப வேலைப்பாடுகளைக் காப்பாற்றப் போன ரிச்சர்ட் நிக்கல் என்ற புகைப்படக் கலைஞர் இடிபாடுகளுக்குள் அகப்பட்டு உயிரிழந்தார். இன்று அதன் வாசல் வளைவும் வியாபார மண்டபமும் நூதனசாலையில்தான் இருக்கின்றன.

சின்னமாகப் பிரகடனம் செய்தால் உண்மையில் நடப்பதென்ன? உரித்து மாறுவதில்லை. விற்கலாம், வாடகைக்கு விடலாம். ஆனால் இடிக்கவோ, முகப்பை மாற்றவோ ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். ஆக, சொந்தக்காரர் இழப்பது இன்னும் கட்டாத மாடிகளைத்தான். அதுவும் பணம்தானே!

நியூயோர்க் நகரம் இதற்கொரு வழி வைத்திருந்தது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் 55 மாடிக் கோபுரம் எழுப்ப பென் சென்ட்ரல் கம்பனி கேட்டபோது அனுமதி கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978இல் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் கம்பனி தோற்றது. நிலையம் இருக்கிறபடியே நியாயமான வருமானம் தர முடியும். மேலே கட்டும் உரிமையையும் அயலிலுள்ள வேறு காணிகளுக்கு மாற்றலாம். ஆகவே சொத்தைப் பறித்ததாகாது என்றது மன்றம்.

அதே லாசால் வீதியில் 1888இல் கட்டிய 'ரூக்கரி' கட்டிடம் 1972இல் சின்னமாக்கப்பட்டுத் தப்பியது. திருத்தப்பட்டு இன்றும் அலுவலகங்களுக்கு வாடகைக்குப் போகிறது. வருமானம் தரும் சரித்திரக் கட்டிடத்தை விதிப்படி திருத்தினால், செலவில் 20 வீதத்தை அமெரிக்க மத்திய அரசின் வருமான வரியில் கழித்துக் கொள்ளலாம். குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.