ஒரே பந்து, வேறு துளை: பவுலிங் பந்தின் போக்கு மாறுவது எப்படி?

தளவாய்புரத்தில் நைட்டி தைப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: துணி ஒண்ணுதான், வெட்டு மாறினா விழுகிற விதமே மாறிடும். பவுலிங் பந்திலும் கதை இதேதான்.

மாலில் வாடகைக்குக் கிடைக்கும் பந்துக்கு இதெல்லாம் கிடையாது. தமிழகத்தின் ஷபீர் தன்கோட் போன்றவர்கள் ஆடும் தேசியப் போட்டி அளவுக்குப் போனால், துளையில்லாத பந்தை வாங்கி, கைக்கு அளவெடுத்துத் துளை போடுவார்கள். விரல் நுழைய மட்டுமல்ல இந்தத் துளை.

பந்துக்குள் உருண்டையாக இல்லாத கனமான 'கோர்' இருக்கும். அதன் உச்சியைக் காட்டும் வண்ணப் புள்ளிதான் 'பின்' (கீழே விழும் பின் வேற). பந்து சுழலும் அச்சு மேற்பரப்பைத் தொடும் இடம் ஆளுக்கு ஆள் மாறும். அந்த இடத்துக்கும் பின்னுக்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு.

சுமார் 3.4 அங்குலம் என்றால், உருளும்போதே அச்சு அதிகமாக நகரும். 60 அடி லேனில் முதல் 40 அடி வரை எண்ணெய் இருக்கும். அச்சு நகர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத பகுதி தரையைத் தொடும். பிடிப்பு கிடைத்து நன்றாக வளையும். தூரம் பூஜ்யத்தையோ 6.75 அங்குலத்தையோ நெருங்கினால், எண்ணெய் பட்ட இடமே திரும்பத் திரும்ப உருளும், வளைவு குறையும்.

ஆனாலும் மேற்பரப்பின் சொரசொரப்புக்குத்தான் முதலிடம். துளை அதற்கு அடுத்துதான்.

முன்பு கணக்கு தப்பினால், விரல் நுழையாத கூடுதல் துளை ஒன்றைப் போட்டுச் சரிக்கட்டலாம். அமெரிக்காவின் யுஎஸ்பிசி அமைப்பு 2020 ஆகஸ்ட் 1 முதல் அதற்குத் தடை போட்டுவிட்டது. இப்போது தப்பினால், பழைய துளைகளை அடைத்துவிட்டு முதலில் இருந்து போட வேண்டியதுதான்.